ராத்தாவின் மூன்று ஏக்கர்

1

போன வருஷம் சித்திரையில் நாலு கிழமை, கிட்டத்தட்ட ஒரு மாதம், நான் வீட்டில் இருந்தேன். எனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, வேலையும் பறிபோகவில்லை. கைக்குழந்தையைப் பார்ப்பதற்காக இருந்தேன். ஊரில் இதை வாசிக்கிற நண்பர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். சிரித்து முடித்துவிட்டு மேலே வாசியுங்கள். அந்த நாலு கிழமைக்குள் நடந்ததை எழுத வேண்டுமென்று ஒரு வருஷமாக உட்காருவதும் எழும்பிப் போவதுமாக இருக்கிறேன்.

நான் இருப்பது நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர். மீன் பதனிடும் ஆலையில் வேலை. மனைவி நஸீமா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஊரில், கல்முனைக்குடியில் இருந்த காலத்தில் அவள் தனியாகக் கடைக்குப் போய் நான் கண்டதில்லை. இங்கே வந்து மொழிச் சோதனையில் என்னைவிடக் கூடப் புள்ளி எடுத்தாள். மூன்றாவது வருஷம் நிரந்தர வேலையும் கிடைத்துவிட்டது. இரண்டாவது மகள் மர்யம் பிறந்து பத்து மாதமானதும் வேலைக்குத் திரும்பச் சொல்லிக் கடிதம் வந்தது.

இந்த நாட்டுச் சட்டப்படி பிள்ளை பார்க்கும் விடுப்பில் நாலு கிழமை தகப்பனுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். தகப்பன் எடுக்காவிட்டால் அது இல்லாமலே போய்விடும். நான் அலுவலகத்துக்குப் போய், அந்த நாலு கிழமையையும் என் மனைவிக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் தலையை ஆட்டினாள்.

"முடியாது. முதியோர் இல்லத்தில் உன் மனைவியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்."

"அப்படியென்றால் எனக்கும் வேண்டாம்."

"யோசித்துச் சொல்லு. உன் மனைவி முழுநேரம் வேலை செய்தபடியால்தான் இந்த உரிமை உனக்கு வந்தது. அவள் வீட்டில் இருந்திருந்தால் உனக்கு ஒரு நாள்கூடக் கிடைத்திராது."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கேலி இல்லை. பஸ் போகும் நேரத்தைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். எனக்குத்தான் காது சுட்டது.

மறுநாள் ஆலையில் எல்லாரிடமும், எனக்கு 'பங்ஷூன்' தந்திருக்கிறார்கள் என்று சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். விடுப்புக்குப் பெயர் 'பெர்மிஷூன்'. நான் சொன்னது ஓய்வூதியம். முப்பத்தாறு வயதில் ஓய்வூதியம் வாங்கியவன் என்று இன்றைக்கும் அங்கே எனக்குப் பட்டப்பெயர் இருக்கிறது.

2

முதல் கிழமை எப்படிப் போனதென்று கேட்காதீர்கள். நஸீமா காலை ஏழு மணிக்குப் போய்விடுவாள். மூத்தவள் ஷிபா எட்டரைக்குப் பள்ளிக்கூடம் போவாள். பிறகு நானும் மர்யமும் சுவரும். பால் கரைக்கப் பழகினேன், கஞ்சி காய்ச்சப் பழகினேன். அவள் அழுதால் தூக்கிக்கொண்டு யன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பேன். அவள் உறங்கின பிறகும் நான் நடந்துகொண்டிருப்பேன். ஒரே இடத்தில் பத்து நிமிடம் இருக்க முடியவில்லை. ஆம்பிளை பகலில் வீட்டுக்குள் என்ன செய்கிறான் என்று யாரோ கேட்டுக்கொண்டே இருப்பது போலிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரோ எதிரே வரும்போது "நல்ல வெயில்" என்பதற்கு மேல் ஒன்றும் கேட்டதில்லை.

நஸீமா மூன்றரை மணிக்கு வருவாள். சப்பாத்தைக் கழற்றும்போதே "திண்டாளா?" என்று கேட்பாள். அவள் முகம் களைத்திருக்கும், ஆனால் கண் பளிச்சென்றிருக்கும். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், மருந்து கொடுக்கும் பொறுப்பை இனித் தன்னிடம் தரப்போகிறார்களாம், அதற்கு மூன்று மாதப் படிப்பு இருக்கிறதாம். நான் நல்லது என்றேன். என் குரலில் நல்லது இல்லை என்று அவளுக்கும் விளங்கியிருக்கும்.

கடற்கரைப் பாதையில் குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு போகும்போது இன்னொரு தகப்பன் சேர்ந்துகொள்வான். கப்பல் கட்டும் இடத்தில் வேலை செய்பவன். மீன் குறைந்துபோன வருஷங்களில் படகுகளெல்லாம் கரையில் கிடந்தனவாம். அவன் தகப்பன் கட்டிலில் படுத்தே கிடந்தாராம். அப்போது பாடசாலைச் சமையலறைக்கு வேலைக்குப் போன தாயின் சம்பளத்தில்தான் வீட்டில் உலை வைத்தார்களாம். "எங்கள் ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான் தப்பின" என்றான். எனக்கு ஏனோ என் அக்கா ஹபீபா ராத்தாவின் ஞாபகம் வந்தது. அதைத் தள்ளிவிட்டு வண்டியைத் தள்ளினேன்.

மூன்றாம் கிழமை திங்கட்கிழமை அவளே தொலைபேசியில் வந்தாள்.

3

ஹபீபா ராத்தா என்னைவிட ஆறு வயது மூத்தவள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கல்யாணமென்றால் வீடும் காணியும் அவள் பெயரில் எழுதப்படும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இதை இங்குள்ளவர்களிடம் சொன்னால் "உங்கள் பெண்கள் எவ்வளவு பலமானவர்கள்!" என்று வியப்பார்கள். நானும் கொஞ்சக் காலம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். காணி உறுதிப் பத்திரத்தில் பெயர் பெண்ணுக்கு, வயலில் கால் வைப்பது ஆணுக்கு. அந்த இரண்டாவது பாதியை நான் சொல்வதில்லை.

ராத்தாவுக்குச் சம்மாந்துறைக்கு மேற்கே மூன்று ஏக்கர் நெற்காணி சீதனம். தொண்ணூறாம் ஆண்டு, தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் கொலை விழுந்த அந்தக் கெட்ட காலத்தில், வயலுக்குப் போன அவள் கணவர், எங்கள் மச்சான், உயிரோடு திரும்பவில்லை. ராத்தா நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தா இருந்தாள். அது முடிந்த கிழமையே குடையை எடுத்துக்கொண்டு, உழவுக்குப் போகும் ரெக்டர் பெட்டியில் ஏறி வயலுக்குப் போய்விட்டாள். எங்கள் எல்லாருக்கும் மூத்த அண்ணன் ஜுனைதீன் காக்காவுக்குக் கல்முனைச் சந்தையில் துணிக்கடை. கடைக்கு வருகிறவர்களெல்லாம் இதைக் கேட்டார்கள். அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

ராத்தாவுக்கு வயல் புதிதில்லை. பத்து வருஷமாக விதைநெல் ஊறப்போட்டதும் கட்டிவைத்து முளைக்க விட்டதும் அவள்தான். பள்ளத்தில் கிடக்கும் அடி வயலில் தண்ணீர் நிற்கும், அதற்கு வேறு நெல் போட வேண்டும் என்று மச்சானிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டதில்லை. இப்போது அவளே போட்டாள். களை பிடுங்க ஆள் இல்லை. ஆம்பிளைகள் பயத்தில் வயலுக்கு வர மறுத்தார்கள். முன்பு அறுவடை முடிந்ததும் கதிர் பொறுக்க வரும் காரைதீவுத் தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள், புவனேஸ்வரி என்று பெயர். ராத்தா அவளுக்கு ஆள் அனுப்பினாள். இரண்டு பக்கத்து ஆம்பிளைகளும் ஒருவர் ஊருக்குள் ஒருவர் போகாத நேரம் அது. புவனேஸ்வரி எட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பகல் சோறு ராத்தா கொண்டுபோனாள். வரம்பில் எல்லாரும் சேர்ந்திருந்து சாப்பிட்டார்கள்.

அந்த மழைக்காலப் பெரும்போகம் மச்சான் ஒருநாளும் கண்டிராத விளைச்சல். அடுத்த பெரும்போகம் அதற்கும் மேல். புவனேஸ்வரி ஆட்களுக்குக் கோடைச் சிறுபோகத்திலும் வேலை இருந்தது. கிணறு ஒன்று வெட்டினால் வரம்பில் பயற்றையும் கத்தரியும் போடலாம் என்று ராத்தா சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் அப்போது கமநல அலுவலகமொன்றில் எழுதுவினைஞன். தொண்ணூற்று மூன்றில், செய்கை பண்ணுகிறவர்களின் பெயர்களைப் புதிய இடாப்பில் எழுதச் சொன்னார்கள். உரமும் விதைநெல்லும் தண்ணீர் முறையும் இனி அந்த இடாப்புப்படிதான். ராத்தாவின் காணி இருந்த வயல்வெளி, எங்கள் வட்டையின் பெயர்ப் பட்டியலை எழுதியது நான்.

எழுதுவதற்கு முதல் நாள் காக்கா வீட்டுக்கு வந்தார்.

"கூட்டத்தில ஒலிபெருக்கியில நம்மட பொம்புளட பேர வாசிப்பானுகள். அது நல்லாரிக்குமா? என்ட பேரப் போடு."

"செய்யிறது ராத்தா."

"செய்யட்டும். ஆரு வேணாண்டது? பேர்தானே."

நான் எழுதினேன். ஒரு வரி. ஹபீபா என்று எழுத வேண்டிய இடத்தில் ஜுனைதீன். பேனை தடுக்கவில்லை. அதுதான் இப்போது என்னை அலைக்கழிக்கிறது.

போகத்துக்கு முன்னர் தண்ணீர் திறக்கும் திகதியை முடிவு செய்யக் கூட்டம் வைப்பார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பிளைகள். ராத்தா மகளையும் கூட்டிக்கொண்டு வந்து ஓரத்தில் வேப்பமரத்தடியில் நின்றாள். பெயர்கள் வாசித்து முடிந்ததும் நேரே என் மேசைக்கு வந்தாள்.

"தம்பி, என்ட பேர் எங்க?"

"காக்காட பேர்ல இரிக்கி ராத்தா. எல்லாம் ஒண்டுதானே."

அவள் மேசையில் கிடந்த இடாப்பைப் பார்த்தாள்.

"ஒண்டெண்டா என்ட பேரயே எழுதியிரிக்கலாமே."

அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் போகம் உரம் காக்காவின் பெயரில் வந்தது. காக்காவுக்கு வயலுக்குப் போக நேரமில்லை. காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். குத்தகைக்காரர் அடி வயலில் ஒன்றும் போடவில்லை, சிறுபோகமும் செய்யவில்லை. புவனேஸ்வரி ஆட்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த வருஷக் கடைசியில் நான் நாட்டை விட்டு வந்தேன். அடுத்த வருஷம், ஒன்பது வயது மகளை உம்மாவிடம் விட்டுவிட்டு ராத்தா சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மூன்று ஏக்கர் சொந்தக்காரி.

4

சவுதியில் இருந்த நான்கு வருஷத்தில் அவள் எனக்கு எழுதிய கடிதங்களில் காணியைப் பற்றி ஒரு சொல் இருந்ததில்லை. அந்தத் திங்கட்கிழமை எடுத்தபோது ஊருக்கு வந்துவிட்டிருந்தாள். கல்முனையில் ஒரு கொமினிக்கேசன் கடையிலிருந்து கதைத்தாள்.

"தம்பி, காணிய நான் செய்யப் போறன். குத்தகக்காரன் விடமாட்டானாம். விசாரணக்கிப் போட்டிரிக்கன். உறுதி என்ட பேர்ல, சரி. ஆனா இடாப்பில செய்கக்காரன் காக்கா. காக்கா குடுத்தது அவனுக்குச் செல்லுமாம்."

"நான் என்ன செய்யலாம் ராத்தா?"

"நீதானே எழுதின. அப்ப செஞ்சது ஆரு, எழுதினது ஆர்ட பேர் எண்டு ஒரு கடிதம் தா. அங்கத்த கோட்டில கையெழுத்து வெச்சு அனுப்பு. ஏலுமா?"

ஏலும் என்று உடனே சொல்லியிருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அடுத்த நாள் காக்கா தொலைபேசி எடுத்தார். எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார்.

"கடிதம் கிடிதம் எழுதிராத. நான் பொய் சொல்லிக் காணி எடுத்த மாதிரி ஆகும். ஊர் சிரிக்கும்."

"காக்கா, உண்மை அதுதானே."

 காக்கா மெல்லச் சொன்னார்.

"நீ ஏறிப் போன பிளேனுக்கு ஏஜென்சிக்காரனுக்கு எந்தக் காசக் குடுத்தன் எண்டு நெனச்ச? கடையில வந்ததெண்டா? அந்தக் காணிட குத்தக முற்பணம்தான். அதையும் கடிதத்தில எழுது."

நான் மர்யத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் தொலைபேசியின் சுருள் வயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இந்த வீடு, இந்தச் சூடாக்கி, ஷிபாவின் பள்ளிக்கூடம், நஸீமாவின் மருந்துப் படிப்பு, எல்லாம் எந்த மண்ணிலிருந்து முளைத்தன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ராத்தாவை வயலிலிருந்து எடுத்து, அந்த இடத்தில் என்னை வைத்திருக்கிறார்கள்.

நஸீமா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்க."

"காக்காட முகத்தில எப்புடி முழிக்கிற?"

"ராத்தாட முகத்தில இவ்வளவு நாளும் எப்புடி முழிச்சீங்க?" என்றாள். பிறகு மர்யத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு பக்கத்தில் எழுதினேன். காக்கா சொன்ன முற்பணத்தையும் விடாமல் எழுதினேன். நாலாம் கிழமை வியாழக்கிழமை, மர்யத்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, பள்ளிக்கூடத்தால் வந்த ஷிபாவையும் கூட்டிக்கொண்டு ஊர் நீதிமன்றத்துக்குப் போனேன். நஸீமாவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. என் நோர்வே மொழி மீன் ஆலைக்குப் போதும், நீதிமன்றத்துக்குப் போதாது.

எழுதுநர் வயதான மனிதர். தமிழ்க் கடிதத்தைப் புரட்டிப் பார்த்தார். வாசிக்கத் தெரியாத ஒன்றுக்கு முத்திரை போடுவதென்றால் அதில் என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரிய வேண்டும் என்றார். நான் தொடங்கினேன். இடாப்பு, செய்கை, குத்தகை, ஒன்றுக்கும் எனக்குச் சொல் இல்லை. அவர் ஷிபாவைப் பார்த்தார். ஒன்பது வயது. அவள் என்னைப் பார்த்தாள்.

"வாப்பா, என்ன சொல்லணும்?"

குனிந்து, அவளுக்கு விளங்குகிற தமிழில் சொன்னேன். மாமிக்கு வயல் இருந்தது, மாமிதான் வேலை செய்தா, வாப்பா கொப்பியில் வேறு ஆளின் பெயரை எழுதிவிட்டேன், அதனால் வயல் மாமியின் கையை விட்டுப் போய்விட்டது. ஷிபா கவனமாகக் கேட்டாள். அவள் தமிழ் இப்போதெல்லாம் பாதி வழியில் நின்றுவிடும். கேள்வி தமிழில் போனால் பதில் நோர்வே மொழியில் வரும். இரண்டு மொழிக்கும் நடுவில் அவள் கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு எழுதுநரிடம் திரும்பி நோர்வே மொழியில் ஒரே வசனமாகச் சொன்னாள்.

வாப்பா மாமியின் வயலைத் திருடிவிட்டார்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். திருடினால் பொலிசுக்குச் சொல்வோம் என்று கடைகளில் எழுதி ஒட்டியிருப்பார்கள். திருத்த வாய் திறந்தேன். அப்படியில்லை, நான் எழுத மட்டுமே செய்தேன், காக்கா சொல்லித்தான் என்று சொல்ல ஒரு சொல் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியவில்லை.

எழுதுநர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"அதை இப்போது திருப்பிக் கொடுக்கத்தான் இந்தக் கடிதமா?"

"ஆம்" என்றேன். அந்தச் சொல் தெரிந்திருந்தது.

முத்திரை விழுந்தது. வீட்டுக்கு வரும் வழி முழுக்க ஷிபா என் கையைப் பிடிக்கவில்லை, வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

5

விசாரணை ஐந்து மாதம் இழுபட்டது. கடைசியில் ஐப்பசி மழைக்கு முன்னர் ராத்தாவின் பெயர் இடாப்பில் ஏறியது. கூட்டத்தில் அதை வாசித்தபோது சிலர் திரும்பிப் பார்த்தார்களாம், ஒருவர் இருமினாராம், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லையாம். இவ்வளவுக்குத்தான் நாங்கள் பயந்தோம்.

காக்கா என்னோடு கதைப்பதில்லை. பெருநாளைக்கு எடுத்தேன், அவர் மனைவி, மதினிதான் பேசினா, அவர் வரவில்லை. ஆனால் மதினிக்குச் சீதனமாக வந்த இரண்டு ஏக்கரையும் இந்தப் போகம் ராத்தாதான் செய்தாள். மதினியே போய்க் கேட்டாவாம். "காக்கா என்ன சொன்னார்?" என்று ராத்தாவிடம் கேட்டேன். "ஓம் எண்டும் சொல்லல்ல, இல்ல எண்டும் சொல்லல்ல. நெல்லு மூட்ட வந்து இறங்கக்குள மட்டும் வாசல்ல நிண்டார்" என்றாள்.

ஊர்ப் பத்திரிகைகள் சில சமயம் இங்கே கிடைக்கும். பெண்களுக்குச் சம உரிமை கொடுக்க வேண்டும் என்று, ஏழைக்குத் தானம் கொடுக்கச் சொல்வது போல எழுதியிருப்பார்கள். கொடுப்பவன் பெரியவன், வாங்குபவள் பாவம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்த நாட்டில் அதைத் தானமாக யாரும் பேசிக் கேட்கவில்லை. ஆள் இருந்தும் வேலை நிற்கிறது, அது ஊருக்கு நட்டம் என்கிறார்கள். இங்கேயும் எல்லாம் சரியில்லை. நஸீமா சில நாள் சாப்பாட்டு மேசையிலேயே தூங்கிப் போகிறாள், சட்டி கழுவுவதை நான் இன்னும் ஏதோ உதவி செய்வதாகத்தான் நினைக்கிறேன். ஆனாலும் ஒரு விஷயம் உறைத்துவிட்டது. ராத்தாவிடமிருந்து பறித்ததால் காக்காவும் பெருகவில்லை, குத்தகைக்காரரும் பெருகவில்லை. எல்லாருக்கும் குறைந்துதான் போனது.

போன கிழமை அறுவடை முடிந்துவிட்டதென்று சொல்ல ராத்தா எடுத்தாள். நல்ல விளைச்சல் என்றாள். புவனேஸ்வரியோடு இந்த முறை பதினொரு பேர் வந்தார்களாம். அவள் குரல் நன்றாக இருந்தது. அந்தத் துணிவில், ஒரு வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"ராத்தா, என்ன மன்னிச்சிட்டயா?"

"மன்னிக்காமலா ஒன்னோட கதைக்கன்?" என்றாள். பிறகு சொன்னாள்: "ஆனா தம்பி, மன்னிப்பு வேற, அந்த அஞ்சு வருசம் வேற. அடி வயல் அஞ்சு வருசம் புல்லு மொளச்சுக் கெடந்திச்சு. புவனேஸ்வரிட மகள் பள்ளிக்கூடம் போகாம மீன் வாடிக்குக் கருவாடு காயப்போடுற வேலைக்குப் போனா. என்ட புள்ள தாயில்லாம வளந்தா. நான் வெட்டயிரிந்த கெணறு வெட்டல்ல. இதெல்லாம் இனி ஆரு தாற?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலக் கேட்டாள். அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"வெக்கிறன் தம்பி. ரெக்டர் காத்துக்கிட்டு நிக்கிது."

நஸீமா மாலை வேலைக்குப் போக வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ராத்தா கேட்டதை அவளிடம் சொன்னேன்.

"மறுகா நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்டும் சொல்லல்ல."

"சொல்ல ஒண்டும் இல்லத்தான்" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.